சூரியகாந்திக்கு வந்த கிளிகள்

காய்ந்த இலைகளின்மேல் தூறல் விழுவதுபோலக் காலை இளவெயிலில் ஒரு சத்தம் கேட்கும். சூரியகாந்திப் பூக்களில் உட்கார்ந்த கிளிகள் விதையைக் கடித்துத் துப்பும் தோல் உதிர்கிற சத்தம் அது. பறக்கும்போது ஊரையே கூட்டுகிற அந்தக் கூட்டம், தின்னும்போது மட்டும் வாயைத் திறக்காது.

அந்தக் கோடையில் கணியம்பாடிப் பக்கம் குத்தகை நிலத்தில் அம்மா சூரியகாந்தி போட்டிருந்தாள். தோல் பதனிடும் "டேனரி"யில் வேலை பார்த்த அப்பா, ஈரத்தரையில் வழுக்கிக் கால் முறிந்து படுத்திருந்ததால், அந்த அறுவடையை நம்பித்தான் வீடு இருந்தது. பள்ளி விடுமுறை என்பதால் நானும் அம்மாவுடன் காவலுக்குப் போவேன்.

காலையில் ஒருமுறை, வெயில் சாய்ந்ததும் ஒருமுறை கிளிகள் வரும். பூவின் மேல்விளிம்பைப் பற்றித் தலைகீழாகக் குனிந்து, விதையைப் பிடுங்கி, நாக்கால் உருட்டித் தோலை நீக்கிப் பருப்பைத் தின்னும். ஒரு பூவை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவும் என்பதால் தின்றதைவிடக் கொட்டியதே "ஜாஸ்தி". தகரத்தைத் தட்டினால் முதலில் பறந்தன. பழகிய பிறகு பக்கத்து வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்தன. கத்திக் கத்தி அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பக்கத்துக் கொய்யாத் தோப்பைக் குத்தகை எடுத்திருந்த பாய், "வெடி போட்டாகூட கொஞ்ச நேரந்தாம்மா, அப்பால வந்துடுதுங்க. பெரிய பேஜார்" என்று தன் பழைய வலையைக் கொடுத்தார். அது ஒரு மூலையைத்தான் மூடியது. மறுநாள் காலை அதில் ஒரு கிளி சிக்கியிருக்க, மற்றவை தின்பதை விட்டுவிட்டு மேலே சுற்றிச் சுற்றி அலறின.

"எல்லாத்தையும் துன்னுட்டு இப்ப கத்துறியா?" என்று திட்டிக்கொண்டே, அதன் கழுத்தில் இறுகிய நூலை அம்மா அரிவாள் நுனியால் அறுத்தாள். அது அவள் விரலைக் கவ்வியது. ரத்தம் சொட்டச் சொட்டக் கடைசி நூலையும் அறுத்துப் பறக்கவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று மாலையே கூட்டம் திரும்பி வந்தது.

அறுவடையில் தேறியது உழவுக்கூலிக்கே போதவில்லை. நிலத்தை விட்டுவிட்டு அம்மா ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போனாள். எழுந்து நடக்க ஆரம்பித்த அப்பாவை டேனரியில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை.

போன கோடையில் அம்மாவை வண்டியில் அந்தப் பக்கம் அழைத்துப் போனேன். நிலமும் தோப்பும் வீட்டுமனைகளாகி, மஞ்சள் அடித்த கற்கள் வரிசையாக நின்றன. கிளிகள் வரும் சாயங்கால நேரந்தான்; வானத்தில் ஒன்றுகூட இல்லை. வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "எங்க போச்சுங்களோ... இப்ப இன்னாத்த துன்னுதுங்களோ" என்றாள்.

வண்டியைத் திருப்பினேன்.