உள்ளிக்காக நின்ற நிச்சயதார்த்தம்

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து வந்து காலை ஆறு மணிக்குத் தென்காசியில் இறங்கியபோது சாரல் மூக்குக் கண்ணாடியை நனைத்தது. ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குற்றாலத்துக்கு டவுன் பஸ்ஸில் போனால், அருவியில் வெள்ளம்; குளிக்கத் தடை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பதினைந்து ரூபாய்க்குச் சுக்குக் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

எட்டரை மணிக்குப் பாவூர்சத்திரம். அங்கே பளீரென்று வெயில். என் கல்லூரித் தோழி செல்வியின் ஊர் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். அவள் மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். வழியெல்லாம் பிடுங்கிய சின்ன வெங்காயம் வயலிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

"இங்கன இதை உள்ளின்னுதான் சொல்லுவோம். இன்னும் ரெண்டு நாள் வெயில் கெடச்சாப் போதும்" என்றார் ஓட்டுநர்.

பத்தரை மணி. பந்தலில் தாம்பூலத் தட்டை மாற்றப் போகும் நேரம், மேற்கே மலைப்பக்கம் கறுத்தது. வாசலில் ஒருவர் கத்தினார்: "ஏலே, மழை வருது! முருகையா அண்ணாச்சி உள்ளி தொறந்து கெடக்கு. அவுக செங்கோட்டைக்குப் போயிருக்காக!"

பெண் வீட்டாரில் பாதிப்பேர் எழுந்து ஓடினார்கள். செல்வியின் கணவர் சுடலைமுத்துவும் தட்டைக் கீழே வைத்தார். வரப்புத் தகராறில் முருகையாவோடு அவருக்கு நான்கு வருடமாகப் பேச்சே கிடையாது.

ராஜபாளையத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்ல நேரத்துல தட்டை வச்சுட்டு எந்திரிக்கிறதா? எங்களை என்னன்னு நெனச்சீங்க?"

"கோவிச்சுக்காதிய" என்றார் சுடலைமுத்து. "முன்னாடியெல்லாம், கூப்பிடாம அடுத்தவன் வயலுக்குள்ள கால் வச்சாப் பெரிய குத்தம். ஒரு வருசம் கண்ட நேரத்துல மழை பேஞ்சு ஊரு உள்ளி மொத்தமும் அழுகிப்போச்சு. அதுலேர்ந்து, மழையப் பாத்தவன் ஓடணும். ஓடலைன்னாத்தான் குத்தம்."

நிச்சயம் நின்றுவிடுமோ என்று செல்வி என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாப்பிள்ளை எழுந்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வயல் எந்தப் பக்கம், மாமா?" என்றான். மணப்பெண் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள்.

நானும் ஓடினேன். பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளியை வாரிக் குவித்தோம். தார்ப்பாயை இழுத்து மூடும்போதே மழை கொட்டியது. குடையோடு வந்து நின்ற மாப்பிள்ளையின் அப்பா, சற்று நேரம் பார்த்துவிட்டுக் குடையை மடக்கினார். ஒரு கல்லைத் தூக்கிவந்து தார்ப்பாயின் மூலையில் வைத்தார்.

பதினொன்றே முக்காலுக்கு, நல்ல நேரம் முடியக் கால்மணி இருக்கையில், ஈர உடையோடு தட்டு மாற்றினார்கள். அத்தனை சிரிப்பான நிச்சயதார்த்தத்தை நான் பார்த்ததில்லை.

பந்தி நடக்கும்போது முருகையா பைக்கில் வந்து இறங்கி வாசலில் தயங்கினார். உள்ளியைக் காப்பாற்றியவர்கள் வீட்டில் கை நனைக்காமல் போகக்கூடாது என்பதும் அங்கே வழக்கமாம். சுடலைமுத்து அவருக்கு இலை போட்டார். பாயசம் வந்தபோது முருகையா நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடே."

நான்கு வருடத்தில் முதல் பேச்சு. சுடலைமுத்து வாளியையே சாய்த்துவிட்டார்.

மாலை நான்கு மணி பஸ்ஸில் புறப்பட்டேன். மதுரையில் எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடுகள், ஒரே மொட்டை மாடி. மழை வந்தால் நாங்களும் ஓடத்தான் செய்கிறோம். எதிர்வீட்டுத் துணி நனைவதைப் பார்த்துக்கொண்டே, என் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன்.