பியானோவுக்குள் கை விட்டவர்

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு கோடையில், கனடாவின் மொன்றியல் நகரத்தின் நடுவிலுள்ள ஒரு சின்ன இசை அரங்கில் நடந்தது இது. அப்போது நான் அதே நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் பியானோக்களை வாடகைக்குக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் ஏற்றி இறக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, நாடு நாடாக அலைந்தவன் நான். கிடைத்த வேலைகளில் அது நல்ல வேலை. முதுகு மட்டும் வலிக்கும். மனைவியை இங்கே கூப்பிட மனுப் போட்டிருந்த நேரம். நிரந்தர வேலை இருக்கிறது என்று காட்டியாக வேண்டும்.

பியானோவை மேடையில் வைத்துவிட்டு, என்னோடு வேலை செய்யும் அண்ணை லொறியை நிறுத்த இடம் தேடிப் போனார். அவரும் யாழ்ப்பாணம்தான்.

“பியானோவை விட்டு அசையாதை, கண்டியோ. போன கோடைக்கு ஒருத்தன் அதுக்கு மேல பியரை ஊத்திப்போட்டான். ஏச்சு வாங்கினது நான். இந்த முறை ஏதும் நடந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்.”

மதியம் போல, மாலை நிகழ்ச்சியில் வாசிக்க இருந்தவர் வந்தார். நோர்வேக்காரர், ஜாஸ் பியானோ கலைஞர், இசையும் அவரே அமைப்பவர் என்று அரங்கில் சொல்லியிருந்தார்கள். நோர்வே என்றதுமே நான் பியானோவுக்கு இன்னும் கிட்டப் போய் நின்றேன். அந்த நாட்டின் வடகோடியில், மீன் தொழிற்சாலை ஒன்றில் சில வருடம் மீன் வெட்டியிருக்கிறேன். பிறகு என் அகதி மனுவை மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே சிரித்துச் சிரித்துக் கேள்வி கேட்ட அதிகாரிகள்தான் என் கதையை முடித்தவர்கள். அதனால் இவர் சிரித்து ‘போன்ஷூர்’ சொன்னபோது நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன்.

மனிதர் வாசிக்க உட்காரவில்லை. ஒரு துணிப்பையை அவிழ்த்தார். உள்ளே றப்பர் துண்டுகள், உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப்புகள், திருகாணிகள். மூடியை உயர்த்தி, உள்ளே குனிந்து கம்பிகளைத் தடவத் தொடங்கினார். நான் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, இவன் பியானோவுக்குள்ள ஆணி வைக்கப் போறான்!”

“ஆணியோ? குடிச்சிருக்கிறானோ?”

“இல்லை, பச்சைத் தண்ணிதான் குடிக்கிறான்.”

“அப்ப இன்னும் மோசம். விடாதை, நான் ஓடி வாறன்!”

ஒரு திருகாணியைக் கம்பிகளுக்கு நடுவே கொண்டுபோனார். எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, பிரெஞ்சும் வரவில்லை. மீன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் நோர்வே மொழியில் கத்துவதுதான் வாயில் வந்தது: “கையை எடு! பெல்ட் ஓடுது!”

வேறு யாராக இருந்தாலும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவர் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார். திருகாணி தரையில் விழுந்து உருண்டது. அந்த நிலை எனக்குத் தெரியும். மீன் ஓடும் பெல்ட்டின் அருகில் நின்று வேலை செய்தவர்கள் மட்டும்தான் அப்படி நிற்பார்கள். முதலில் கை, பிறகுதான் கண். கண்ணை முந்தவிட்டவர்களுக்கு விரல் மிஞ்சாது.

அவர் மெல்லக் கையை இறக்கி, நோர்வேயின் அசல் வடக்குப் பேச்சில் கேட்டார்: “எந்தத் தொழிற்சாலை?”

இவருக்கு அது எதற்கு? நான் குனிந்து, உருண்டுபோன திருகாணியைத் தேடி எடுத்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. தன் கதையைச் சொன்னார். தாய் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். பள்ளி விடுமுறையில் இவரும் அங்கே வேலைக்கு நின்றாராம். வாசிக்கப் பழகியது தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் கிடந்த பியானோவில். கடற்காற்றில் ஊறிப் பாதிக் கட்டைகள் ‘டொக்’ என்று மட்டும் கேட்குமாம். பிறகு தலைநகரில் படித்து, இசைத்தட்டுகள் போட்டு, பெரிய அரங்குகளில் வாசித்தும், நல்ல பியானோக்களில் அந்த ஒலி அகப்படவில்லையாம். அதற்குத்தான் இந்தச் சாமான்களாம்.

நல்ல கதைதான் என்று நினைத்தேன். என் கதையைப் பிடுங்க வந்தவர்களும் முதலில் தங்கள் கதையைத்தான் சொன்னார்கள்.

அதற்குள் அண்ணை அரங்கப் பொறுப்பாளரையும் இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். பொறுப்பாளர் சிரித்தார். இப்படி வாசிப்பதற்கு எங்கள் கம்பனி முன்பே சம்மதித்துவிட்டதாம்.

“எங்களுக்குத்தான் ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை,” என்றார் அண்ணை.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. கம்பி அறுந்தால் யார் தலையில் விடியும் என்று எனக்குத் தெரியும். மாலை நிகழ்ச்சி முழுவதும் திரைக்குப் பக்கத்தில் நின்று பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பாட்டில் அவருடைய இடது கை டொக் டொக் என்று ஒரே சீராக ஓடத் தொடங்கியது. பெல்ட். அதற்கு மேலே பலகையில் கத்தி படுகிற சத்தம். என் விரல்கள் தாமாகவே மடங்கி நீண்டன.

“என்னடாப்பா இது, பழுதாப்போச்சோ?” என்று அண்ணை காதுக்குள் கேட்டார்.

“இல்லை அண்ணை, சரியாத்தான் ஓடுது.”

முடிந்ததும் அவர் ஒவ்வொரு துண்டாகக் கழற்றினார். நான் போன் வெளிச்சத்தில் கம்பி கம்பியாகப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பார்த்து முடிக்கும் வரை அவரே மூடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் சுளிக்காமல். அப்போது, யாரும் கேட்காமலே, நான் வேலை செய்த ஊரின் பெயரைச் சொன்னேன்.

“எங்கட இடம் அதுக்குத் தெற்கை,” என்றார். “உங்கட இடம் இன்னும் குளிர்.” அவ்வளவுதான். வேறு கேள்வி இல்லை.

மனைவியும் வந்துவிட்டாள்; இப்போது இதே நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருக்கிறோம். யாராவது ‘எங்கே இருந்தனீங்கள்?’ என்று கேட்டால் இன்றைக்கும் முதலில் அவர்களுடைய கைகளைத்தான் பார்க்கிறேன். ஆனால் பார்த்த பிறகு, பெரும்பாலும், பதில் சொல்லிவிடுகிறேன்.