அரசியல் கலக்காத பேக்கரி

காலையில் வரும் நாளிதழிலிருந்து அரசியல் பக்கங்களை மட்டும் உருவி, எண்ணெய் வடியும் போண்டாவுக்கு அடியில் விரிக்கிறார் அர்த்தநாரி. மிஞ்சுகிற விளையாட்டும் ராசிபலனும்தான் பெஞ்சுக்கு வரும். "படிங்க சாமி, இதுல சண்டையே வராது."

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையோரம் இருக்கிறது அவருடைய பேக்கரி. எந்தக் கட்சிக்காரரும் முகம் சுளிக்கக் கூடாதென்று கரையில்லாத வேட்டியாகத் தேடி வாங்கிக் கட்டுகிறார். கடைக்குப் பெயின்ட் அடிக்க நினைத்தபோது பெரிய சோதனை வந்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், காவி, கறுப்பு எல்லாவற்றையும் ஏதோ ஒரு கட்சி எடுத்துக்கொண்டுவிட்டது. கடைசியில் சாம்பல் நிறம் அடித்தார். பூச்சுவேலை இன்னும் முடியவில்லை என்று நினைத்து, கொத்தனார்கள் வேலை கேட்டு வந்துவிட்டுப் போகிறார்கள்.

ஓட்டு மட்டும் தவறாமல் போடுவார். யாருக்கு என்று கேட்டால், "வெரல்ல மை இருக்குதுல்லங்க, அவ்ளோதான்" என்பார்.

கடைக்குப் பின்னால் ஒரு கோழிப்பண்ணை. அங்கே எரு அள்ளாமல் குவிந்து கிடக்க, ஈ தெருவையே மொய்க்கிறது. பின்தெரு மயிலம்மாளின் சின்னமகள் நிலாவுக்கு வாந்திபேதி வந்து, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியாகிவிட்டது. மயிலம்மாள் மனு கொடுத்தார். அதிகாரி நேரில் விசாரிக்க வருகிறார் என்று தெரிந்ததும், பண்ணையை ஒட்டியிருக்கிற ஒரே கடைக்காரரான அர்த்தநாரியிடம் வந்து நின்றார்.

"அண்ணா, உங்க கடையில இருக்கறத அப்படியே சொல்லுங்க, போதும். எம்புள்ள இன்னொருக்கா தாங்கமாட்டாளுங்க."

"ஏனுங்கம்மா, ஈ பறக்கறதுக்குப் போயி என்னைய அரசியல்ல இழுத்து உடறீங்க? நா எந்தப் பக்கமும் இல்லீங்க."

"ஈ உங்க பன்னுப் பக்கந்தானுங்கண்ணா இருக்குது!"

அவர் சிரித்துவிட்டு, பன்னைத் தட்டி ஈயை ஓட்டினார். பண்ணை ஆட்கள் எல்லாருக்கும் இரண்டு வேளையும் டீ இவர் கடையிலிருந்துதான் போகிறது. அது அரசியல் இல்லை. வியாபாரம்.

அதிகாரி வந்தார். பக்கத்திலேயே பண்ணை முதலாளியும் வந்து உட்கார்ந்தார். எதிரே வெயிலில், நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மயிலம்மாள் நின்றார். அர்த்தநாரி ஸ்பெஷல் டீ போட்டு அதிகாரியின் முன்னால் வைத்தார்.

"இங்க ஈத்தொல்லை இருக்குதாங்க?"

அர்த்தநாரி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஈயுங்களா? அப்படியொண்ணும் தெரியலீங்க சார்" என்றார். சொல்லும்போதே அவருடைய வலது கை நீண்டு, அதிகாரியின் டீ கிளாஸை அவசரமாகப் பொத்திக்கொண்டது.