எட்டாவது பாஸும் என் நெட்டையனும்

என் தங்கை எட்டாவது பாஸ். சேத்துப்பட்டில் வாழ்க்கைப்பட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அதைச் சொல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது. ரேஷன் கடை வரிசையில் சொல்வாள், சாவு வீட்டிலும் சொல்வாள். எனக்கு எண் தெரியும், கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பேரைக் கூட்டிப் படித்து ஏறிவிடுவேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

அவள் மகள்தான் எங்கள் இருவர் செல்லிலும் அந்தப் பேஸ்கட்பால் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தாள். நாம் பந்தைத் தொட வேண்டியதில்லை. ஐந்து பேரைப் பொறுக்கி, யார் எப்படி ஆடுவது என்று எண்ணைத் தள்ளி வைத்துவிட்டால் பொம்மைகள் தாமாக ஆடும். நாம் பார்த்துக்கொண்டு வையலாம். எனக்குப் பிடித்ததே அந்த வைவதுதான்.

தேவிகாபுரத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அதற்கு முன்னால் ஐந்து ஆட்டம் என்று தங்கை போனில் பந்தயம் கட்டினாள்.

"நீ தோத்தா, கல்யாணத்துல அத்தினி பேர் எதிருலயும் என்னை அக்கான்னு கூப்புடணும்."

"நீ தோத்தா?"

"நான் எங்க தோக்கறது."

"சொல்லுடி."

"இன்னா வோணும், கேளு."

"எட்டாவது பாஸுன்ற பேச்சு உன் வாயில வரக் கூடாது. சாவுற வரைக்கும்."

என்னவோ முணுமுணுத்தாள். பிறகு, "சரி" என்றாள்.

என் ஐவரில் ஒருவன் நெட்டையன். கூடையில் போடுவதில் அவனுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. மற்ற நால்வரும் அறுபதைத் தாண்டாதவர்கள். ஆட்டத்தில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். செல்லை எங்கள் வீட்டுத் தறிப் பக்கம் நீட்டினேன். மருமகள் நெய்தபடியே படித்துச் சொன்னாள்.

"அது ஷூட், அத்த. கூடையில போடறது."

நெட்டையனுக்குப் பத்துக்குப் பத்து வைத்தேன்.

"இது?"

"பாஸ்."

எனக்குத் தெரிந்த பாஸ் ஒன்றே ஒன்றுதான். அது சேத்துப்பட்டில் இருக்கிறது. பந்து போடுகிறவனுக்குப் படிப்பு எதற்கு? பூஜ்ஜியத்துக்கு இழுத்துவிட்டேன்.

முதல் ஆட்டம் தோற்றேன். இரண்டாவதும் தோற்றேன். அதில் நெட்டையன் மட்டும் நாற்பத்தொன்று போட்டான், மற்ற நால்வரும் சேர்ந்து ஒன்பது. தங்கைக்கு அறுபத்திரண்டு. மூன்று பேர் மறித்தாலும் இவன் அங்கிருந்தே எறிகிறான். கூடைக்கு அடியில் என் குள்ளன் தனியாக, நிற்காத பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவன் மாதிரி நிற்கிறான். ஆட்டத்துக்கு நான்கு பாகம்; கடைசிப் பாகத்தில் நெட்டையன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

உடனே போன் வந்தது. "இன்னா, இப்பவே சொல்லிப் பழகிக்கோ. அ... க்கா. வருதா?"

மருமகள் தறியை விட்டு எழுந்து வந்தாள். "ஏன் அத்த, அவன் யாருக்கும் பந்தே குடுக்காம ஆடிகினு கீறான்? பாஸ் எவ்ளோ வெச்சீங்க?"

"பூஜ்ஜியம். அவன் படிச்சா இன்னா, படிக்காட்டி இன்னா."

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "பாஸுன்னா பந்த பக்கத்துல கீறவனுக்குத் தள்ளி உடறது, அத்த."

"எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியுமான்னு பாத்தேன்."

தங்கைக்குத் தெரியாமல் செல்லோடு தனியாக ஆடிப் பார்த்தேன். பாஸைப் பத்தில் வைத்தால் அது வேறு பேஜார். "நீங்க போடுங்க", "இல்ல, நீங்க போடுங்க" என்று சம்பந்தி வீட்டு மரியாதை மாதிரி பந்தைச் சுற்றவிட்டே நேரத்தைத் தீர்த்தார்கள். நெட்டையனும் எறிய மறந்து போனான்.

அப்புறம்தான் யோசித்தேன். சேலைக்கு வேலைப்பாடெல்லாம் முந்தானையில். அதற்காக முழுச் சேலையையும் முந்தானையாகவே நெய்தால் கட்டினவள் நடக்க முடியுமா? ஷூட்டை ஏழுக்குக் குறைத்து, பாஸை ஆறில் நிறுத்தினேன். மூன்றாம் பாகம் முழுக்க நெட்டையனை உட்கார வைத்து, பதிலுக்கு வேறொருவனை ஆடவிட்டு, கடைசிப் பாகத்தில் இறக்கினேன்.

மூன்றாவதும் நான்காவதும் எனக்கு. ஐந்தாவதில் இரண்டு பக்கமும் சமம், ஐந்து நொடிதான் பாக்கி. தங்கையின் ஆட்கள் மூன்று பேர் நெட்டையன் மேலேயே விழுந்தார்கள். அவன் பந்தைத் தூக்கினான். எறியப் போகிறான், தொலைந்தேன் என்று வையத் தொடங்கினேன். பாவி, குள்ளனுக்குத் தள்ளிவிட்டான். குள்ளன் போட்டான்.

தங்கை இரண்டு நாள் போனை எடுக்கவில்லை.

கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. எதிரில் இருந்த மாப்பிள்ளை வீட்டம்மா தங்கையைப் பார்த்து, "நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏழாவது முடிச்சிட்டு..." தங்கை அப்பளத்தை நொறுக்கினாள். "அதுக்கு மேல ஒரு வருஷம் போனேங்க."

"நீங்க?" என்றாள் என்னிடம்.

"நான் ஆறு பாஸுங்க."

தங்கைக்குப் புரையேறியது. மூத்தவள் அல்லவா, தலையில் தட்டிக் கொடுத்தேன். கண்ணில் நீர் முட்ட என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, கையை நீட்டினாள்.

"அக்கா, தண்ணி."