அரிசிப் பானைக்குள் ஒரு தண்டை

பால்பாண்டி சந்தேகப்படுவதற்கென்றே பிறந்தவன் என்று சிம்மக்கல்லில் அவனைத் தெரிந்த அத்தனை பேரும் சொல்வார்கள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் செம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான். கோயிலில் கொடுக்கும் திருநீற்றைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் பூசுவான். அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, பார்த்த வேலை அப்படி. காளவாசலுக்கு மேற்கே கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, பதினாலு வயதில் வைகைக்கரை அச்சுக்கூடம் ஒன்றில் சேர்ந்து, ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரி கோக்கக் கற்றுக்கொண்டவன். இடவலம் மாறிக் கிடக்கும் எழுத்தை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டால்தான் பக்கம் பிழையில்லாமல் வரும். 1941 வாக்கில் அவனளவுக்குச் சுத்தமாக அச்சுக் கோப்பவர்கள் மதுரையில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனதுதான் வினை.

வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில் ஞாயிறு சாயங்காலம் கூடும் ஒரு கதைக்காரர் கூட்டத்தில் பால்பாண்டியும் உண்டு. அவன் ஒரு வரி எழுதியதில்லை. அவர்கள் நடத்திய ‘நீராழி’ என்ற சிறு பத்திரிகையைக் கோப்பவன் அவன்தான், ஆகவே எல்லோருடைய கதைக்கும் முதல் வாசகன். கூட்டத்துக்குத் தலை போல இருந்தவன் அழகுமலை, ஆரம்பப் பள்ளி வாத்தியார். அந்த நாளில் வெளிநாட்டுக் கதையை எடுத்து, ஆள் பெயரையும் ஊர் பெயரையும் மாற்றி, ‘தழுவல்’ என்றுகூடப் போடாமல் சொந்தக் கதையாக விடுவது பத்திரிகைகளில் சர்வ சாதாரணம். அப்படிச் செய்கிறவனை வைகையில் வெள்ளம் வரும் நாளாகப் பார்த்துத் தள்ள வேண்டும் என்று படி அதிரப் பேசுவான் அழகுமலை. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

அச்சுப் பிழை திருத்திய தாள்களை அவன் பால்பாண்டியின் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பால்பாண்டியை ‘மாப்ள’ என்பான், அவன் மனைவி செல்லத்தாயைத் ‘தங்கச்சி’ என்பான். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். அதுவரை பால்பாண்டிக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை என்பது ஆச்சரியம்தான்.

அந்த ஆடி மாதம் அழகுமலை கொடுத்த கதையைக் கோத்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் பக்கத்தில் அவன் விரல் நின்றுவிட்டது. கதையில் ஒரு தாய், செத்துப்போன பிள்ளையின் காலில் கிடந்த ஒற்றைத் தண்டையை அரிசிப் பானையின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். தினமும் அதன் மேலேயே அரிசி அளந்து போடுகிறாள். ஒருநாள் புருஷன் கையில் அது தட்டுப்படுகிறது. அவன் எதுவும் கேட்கவில்லை. அரிசியை மூடி, பானையை மூடிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறான்.

மூன்று வருஷத்துக்கு முன் பால்பாண்டியின் மகள், மூன்று வயதுக் குழந்தை, விஷக்காய்ச்சலில் போனாள். ஒரு தண்டை அவளோடே மண்ணுக்குள் போயிற்று. இன்னொன்றைக் காணவில்லை. போன வருஷம் செல்லத்தாய் காய்ச்சலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, கஞ்சி வைக்க அரிசிப் பானைக்குள் கைவிட்டவனுக்கு அது தட்டுப்பட்டது. அரிசியைத் தள்ளி மூடி, கஞ்சியை மட்டும் காய்ச்சி வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை, அவளிடம்கூட. அப்படியிருக்க, இந்த வாத்தியாருக்கு எப்படித் தெரிந்தது?

கையெழுத்துப் பிரதியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். ‘தண்டை’ என்ற சொல்லுக்கு அடியில் ‘செருப்பு’ என்று எழுதி அடித்திருந்தது. ‘அரிசிப் பானை’க்கு அடியில் ‘மாவுப் பெட்டி’. அச்சுக் கோப்பவன் புத்தி அடித்த எழுத்தைத்தான் முதலில் படிக்கும். முதலில் என் வீடு என்று தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறான், அப்புறம் மனசு கேட்காமல் உள்ளதையே போட்டுவிட்டான் என்று முடிவு கட்டினான். பானைக்குள் வைத்ததைச் செல்லத்தாய்தான் சொல்லியிருக்கிறாள். புருஷனிடம் சொல்லாததை வந்து போகிறவனிடம் சொல்லியிருக்கிறாள். இதைச் சொல்கிறவள் வேறென்னதான் சொல்லியிருக்க மாட்டாள்?

மத்தியானமே வீட்டுக்குப் போனான்.

“அழகுமலைகிட்ட என்ன பேசுன?”

“தண்ணி கேட்டாக, குடுத்தேன். வேற நான் என்ன பேசப் போறேன்? ஏன் மாமா, மூஞ்சி இப்படி இருக்கு?”

அவன் அரிசிப் பானையைத் தூக்கித் தரையில் கவிழ்த்தான். பானை உடைந்தது. அரிசி சிதறிய இடத்தில் தண்டை உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. “இது அவனுக்கு எப்படிடி தெரியும்?” என்று கத்தினான்.

செல்லத்தாய் அழவில்லை, அரிசியை அள்ளவுமில்லை. தண்டையை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, நாகமலை அடிவாரத்தில் இருந்த தன் ஆத்தா வீட்டுக்கு நடந்தாள். பிறகு அவன் ஒருத்தனாகக் குந்தி அத்தனை அரிசியையும் பொறுக்கினான். கோபம் குறையவில்லை, பயமும் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை தெப்பக்குளத்துப் படியில், கூட்டம் முழுக்க இருக்கும்போதே பிரதியை அழகுமலையின் மடியில் போட்டான்.

“மச்சான், எங்க வீட்டுப் பானைக்குள்ள கெடந்தது ஒனக்கு எப்படித் தெரியும்? இப்பச் சொல்லு. எம் பொண்டாட்டி ஆத்தா வீட்டுக்குப் போயி அஞ்சு நாளாச்சு.”

கூட்டம் அழகுமலையைப் பார்த்தது. சரிதான், வாத்தியார் தண்ணீர் குடித்த கதை இதுதானா என்று நாலு பேர் மனசுக்குள் நினைத்தார்கள். ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டால் கதைக்காரன் என்ற அழகுமலையின் பெயர் தப்பும், செல்லத்தாயின் பெயர்தான் போகும். அவன் தோள்பைக்குள் கையை விட்டுக் கந்தலான இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுத்தான். பக்கத்தில் இருந்த வக்கீல் குமாஸ்தா கருத்தக்கண்ணனிடம் நீட்டினான்.

“நாப்பத்தோராம் பக்கம். தமிழ்ல சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

கருத்தக்கண்ணன் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். யாரோ ஒரு ருமேனியாக்காரன் எழுதிய கதை. சோளக்காட்டு ஊர். செத்துப்போன மகனின் ஒற்றைச் செருப்பு, சோளமாவுப் பெட்டிக்கு அடியில். புருஷன் கையில் தட்டுப்படுகிறது, எதுவும் கேட்கவில்லை. அப்புறம் முன்பக்கத்தைத் திருப்பினார். “தொள்ளாயிரத்து இருபத்தொண்ணுல அச்சானது, பால்பாண்டி. அப்ப ஒனக்குக் கல்யாணமே ஆகல.”

“புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையில எடுத்தேன்,” என்றான் அழகுமலை. “செருப்பு நம்மூர்ல ஒட்டாதேன்னு தண்டையாக்குனேன். ஒன் வீட்டுல இருக்கும்னு எனக்கு எப்படி மாப்ள தெரியும்?”

அவ்வளவுதான், வைகையில் தள்ளுவதாகச் சொன்னாயே என்று கூட்டம் அவன்மேல் பாய்ந்தது. இத்தனை வருஷத்துக் கதைகளில் எத்தனை திருடியவை என்று கேட்டார்கள். தன் பெயரை விட்டுச் செல்லத்தாயின் பெயரைக் காப்பாற்றியவனைப் பார்த்து முதல்முறையாகப் பால்பாண்டிக்கு மரியாதை வந்தது, தன்னை நினைத்து வெட்கமும் வந்தது. மறுநாள் தலைப்புக்கு அடியில் ‘ஒரு ருமேனியக் கதையின் தழுவல்’ என்ற வரியை அவனே கோத்தான். அதை முடித்துக்கொண்டு நாகமலைக்கு நடந்தான்.

செல்லத்தாய் வாசலில் புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். மன்னித்துக்கொள் என்று சொல்ல அவனுக்கு வாய் பழகவில்லை, கதையைத்தான் சொன்னான். அவள் கை நிற்காமல் கேட்டாள்.

“அவ எந்த ஊர்க்காரி?”

“ருமேனியான்னு ஒரு சீமை. கப்பல்ல போகணும்.”

“அம்புட்டுத் தூரத்துலயும் ஒருத்தி வச்சிருந்தாளாக்கும்.” அடுத்த புளியை எடுத்தாள். “பாத்துட்டு அவ புருஷன் என்ன கேட்டான்?”

அந்த வரியை அவன் தன் கையாலேயே எழுத்தெழுத்தாகக் கோத்திருந்தான்.

“ஒண்ணும் கேக்கல. மூடி வச்சிட்டுப் போயிட்டான்.”

“நீங்களும் அன்னைக்கு அப்படித்தான் போனீக,” என்றாள் செல்லத்தாய். “சுவரப் பாத்துப் படுத்திருந்தாலும் காதுல கேட்டுச்சுல்ல. அரிசியத் தள்ளி மூடுன சத்தம். தெரிஞ்சும் ஏதும் கேக்காம விட்டுட்டுப் போறாரே மனுசன்னு நெனச்சுத்தான் மறுநா எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சேன். இல்லேன்னா அந்தக் காச்சலோட போயிருப்பேன்.”

பால்பாண்டி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். வெயில் ஏறியது. அவள் கொட்டையெல்லாம் எடுத்து முடித்து, முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“வெள்ளிக்கிழமை வாரேன். புதுப் பானை வாங்கி வைங்க. அரிசி நான் வந்து போட்டுக்கிறேன்.”