விளாங்குடி வீட்டில் மூன்றாவது தட்டு

நாலு வருடங்களுக்கு முன், மதுரையில் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அவனியாபுரம் லேத் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, கையில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். திங்கட்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் மேடம்தான் விளாங்குடியில் ஒரு வீட்டைச் சொன்னார். இறந்துபோன மகளின் நினைவாக வருடத்துக்கு ஒரு மாணவிக்கு ஃபீஸ் கட்டுகிறார்களாம். நினைவு நாளன்று நேரில் போய்ச் சாப்பிட்டு வரவேண்டுமாம். சோறும் போட்டு ஃபீஸும் கட்டினால் யாருக்குக் கசக்கும்? சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினேன்.

பெல்லைத் தொடும் முன்பே கதவு திறந்தது. "இம்புட்டு நேரமா? பஸ் லேட்டா?" என்றார் ஒரு அம்மா. பின்னால் நின்ற அவர் கணவர் என் பையை வாங்கி வைத்தார். மேசையில் மூன்று தட்டுகள்.

"வேர்த்துக் கெடக்க. உடுப்ப மாத்திட்டு வா, சாப்புடலாம்."

உள்ளறைக் கட்டிலில் நீலச் சுடிதார் ஒன்று தேய்த்து வைத்திருந்தது. மறுக்கத் தைரியமில்லாமல் போட்டுக்கொண்டேன். அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தால், எனக்குப் பின்னால் சுவரில் ஒரு பெண்ணின் படம். அதே நீலச் சுடிதாரில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆத்தாடி! ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஓடினால் ஹால் டிக்கெட்?

போய் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். அந்த அம்மா மீனில் முள் எடுத்து எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போதுதான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "பயந்துட்டியா? நீ அவ இல்லன்னு எனக்குத் தெரியாதாத்தா? இன்னைக்கு ஒரு நா மட்டும் அந்தத் தட்டு காலியா இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான். ஒனக்கு ஃபீஸு நேத்தே கட்டியாச்சு. போன வருசம் வந்த புள்ள சுடிதாரப் பாத்ததுமே ஓடிருச்சு. அவளுக்கும் கட்டுனோம்."

வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இப்போது நர்ஸாக வேலை பார்க்கிறேன். அந்த நாள் வந்தால் லீவு போட்டுவிட்டு நானும் போய்விடுவேன். புதிதாக வந்து மிரண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் எனக்கும் ஒரு தட்டு உண்டு. கதவு திறந்ததுமே, அவர் கேட்கும் முன், "பஸ் லேட்டும்மா" என்பேன். அந்தப் படத்தைப் பார்த்தால் முதுகு இன்னமும் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனாலும் வருடத்தில் ஒரு நாள் அவளாக இருந்துவிட்டு வர எனக்கு இப்போது பயமில்லை.