பேச்சுக்கு நடுவே ஒரு கிட்டார்

எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளைக்கு ஹோட்டலில் வேலை என்று சொன்னார்கள். கிள்ளானிலிருந்து வந்த என் பெரியப்பா, சமையலறையிலா வரவேற்பிலா என்று கேட்டார். கிட்டார் வாசிக்கிறார் என்று தரகர் சொன்னதும், அது சரி, வேலை என்ன என்று மறுபடியும் கேட்டார். ஜாஸ் என்றால் என்ன என்று விளக்குவதற்குள் காப்பி ஆறிப்போனது. மாப்பிள்ளை மட்டும் கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டே, அதுதான் வேலை என்றார். எனக்கு அங்கேயே அவரைப் பிடித்துவிட்டது.

கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலின் லவுஞ்சில் ஏறக்குறைய முப்பது வருஷம் வாசித்தார். கூட இரண்டு பேர். ஒருவர் டபுள் பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம், இன்னொருவர் டிரம்ஸ். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து சாயங்காலம் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புவார். பகலில் யார் யாருடைய பாட்டுக்கோ, விளம்பரத்துக்கோ ஸ்டூடியோவில் வாசித்துக் கொடுப்பார். எத்தனையோ பேர் அவர் கிட்டாரைக் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் அவர் பெயர் தெரியாது. சூப்பர்மார்க்கெட்டில் அந்தச் சோப்பு விளம்பரம் ஒலித்தால், பக்கத்தில் நிற்பவரிடம் இது எங்க வீட்டுக்காரர் என்று சொல்லிவிடுவேன். இவர் கூச்சத்தில் தள்ளுவண்டியோடு அடுத்த வரிசைக்கு ஓடிவிடுவார்.

லவுஞ்சில் ஒரு சட்டம் உண்டு. விருந்தாளிகள் பேச வருகிறார்கள். அவர்கள் குரலை உயர்த்தும்படி வாசிக்கக் கூடாது. இவர் அதையே ஒரு வித்தையாக்கிக்கொண்டார். பேச்சு ஏறினால் கொஞ்சம் ஏறுவார், தாழ்ந்தால் கூடவே இறங்குவார். நல்ல வித்தைதான். ஆனால் எனக்கு வயிறு எரியும். ஒருமுறை எங்கள் கல்யாண நாளுக்கு அங்கே சாப்பிடப் போனேன். பின்மேசையில் நாலு பேர் சிரித்த சிரிப்பில் அவர் வாசித்தது ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி, கொஞ்சம் வாயை மூடுங்கள் என்று சொல்லியே விட்டேன். இடைவேளையில் வந்து என்னைத்தான் கடிந்துகொண்டார்.

"அவங்க பேசத்தான் வர்றாங்க. நான் பேச்சுக்குத் துணை. இனிமே யாரையும் அதட்டாதே."

சரி என்று தலையாட்டினேன். அதன் பிறகு அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அந்த லவுஞ்சை இடித்து பஃபே கூடமாக்கிவிட்டார்கள். இவர் வீட்டில் உட்கார்ந்து கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். விளம்பரங்களுக்குப் பதிவு செய்த சவுண்ட் தம்பிதான், அங்கிள், உங்க பேர்ல ஒரு ரெக்கார்டுகூட இல்லையே என்று கேட்டு ஒரு பதிவுக்கு ஏற்பாடு செய்தது. டிரம்ஸ்காரர் மகனோடு வெளிநாடு போகவிருந்தார். மூன்று பேருக்கும் ஒத்துவந்தது ஒரே ஒரு நாள். அன்று விட்டால் விட்டதுதான்.

ஸ்டூடியோ சுபாங் ஜெயாவில், கடைவரிசையின் மாடியில். மத்தியானம் நானும் பண்டமாரானிலிருந்து வந்த என் தங்கையும் சாப்பாடு கொண்டுபோனோம். சவுண்ட் தம்பி முகம் வாடியிருந்தது. காலையிலிருந்து ஒரு உருப்படிகூட முடியவில்லையாம். எதை ஆரம்பித்தாலும் அங்கிள் பாதியில் நிறுத்திவிடுகிறாராம். உள்ளே போனேன். கதவைச் சாத்தினால் மூச்சு விடுவது கேட்கும்படியான அமைதி. அவர் கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இது வராது, விட்டுவிடுவோம் என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

முதலில் சாப்பிடுவோம் என்று அங்கேயே பொட்டலங்களைப் பிரித்தேன். தங்கை வாய் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக்காரர் போர்ட்டிக்கோவை இழுத்துக் கட்டி இவள் வீட்டுக்கு வெளிச்சமே வராமல் செய்த கதையை எடுத்தாள். நானும் விடுவேனா, கேள்வி மேல் கேள்வி. டிரம்ஸ்காரரும் டபுள் பாஸ்காரரும் ஆட்டிறைச்சியைப் பற்றி ஒரு பக்கம். எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை, கிட்டார் மறுபடி அவர் மடியில் இருந்தது. எங்கள் பேச்சுக்கு அடியில் வாசித்துக்கொண்டிருந்தார். நான் பேச்சை நிறுத்தியதும் அவர் கையும் நின்றது. ஸ்பீக்கரில் சவுண்ட் தம்பியின் குரல் வந்தது.

"ஆன்டி, நிறுத்தாதீங்க. பேசிக்கிட்டே இருங்க லா."

இத்தனை வருஷமாக எந்தப் பேச்சைக் கண்டு எரிந்தேனோ, அதை நானே பேச வேண்டுமாம். அவரைப் பார்த்தேன்.

"பேசு. அது இல்லாம கை ஓட மாட்டேங்குது."

பேசினோம். போர்ட்டிக்கோ முடிந்து, தங்கையின் மாமியார் முடிந்து, கிள்ளானில் எந்தக் கடை மீன் நல்ல மீன் என்பதும் முடிந்தது. கூட்டாளிகள் கை கழுவிவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக உருப்படிகள் ஓடின. கடைசியாக அவரே போட்ட ஒரு மெதுவான உருப்படி. லவுஞ்சில் அதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன், முழுசாகக் கேட்டதே இல்லை. தங்கை ஏதோ சொல்லவந்து பாதியில் நிறுத்தினாள். நானும் நிறுத்திவிட்டேன். டபுள் பாஸ்காரர் பேசுங்கள் என்று கண்ணைக் காட்டினார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நின்றுவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

அவர் நிற்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தாமல் கடைசி வரைக்கும் வாசித்தார். இவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது கொஞ்சம்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பதிவில் ஆன்டிகளின் குரல்கள் விழுந்திருக்கின்றன, இன்னொருமுறை எடுக்கலாமா என்று சவுண்ட் தம்பி கேட்டான். வேண்டாம், இதையே போடு என்றார்.

ரெக்கார்டு இப்போது எல்லார் போனிலும் கிடைக்கிறது. அட்டையில் அவர் பெயர் மட்டும்தான். போன மாதம் கிள்ளான் சொந்தமெல்லாம் வீட்டுக்கு வந்தபோது போட்டுவிட்டேன். வழக்கம்போலப் பேச்சு, சிரிப்பு. நான் முறைக்கவில்லை, காத்திருந்தேன். கடைசி உருப்படி வந்தது. அதில் எங்கள் குரல் நின்ற இடத்தில், வீட்டுக்கு வந்தவர்களின் குரலும் ஒவ்வொன்றாக நின்றது. பெரியப்பா பலகாரத் தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

இவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. டீ ஆறுது, பேசுங்க பேசுங்க என்று ஆரம்பித்தார்.

யாரையும் அதட்டாதே என்றுதான் சொல்லியிருந்தார். அவரையே அதட்டினேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க. அவங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க."